பூசணிக்காயில் கட்டிய வழிகாட்டி

பிரியமானவர்களே, முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வழிகாட்டியை எழுதி இணையத்தில் விற்பனைக்கு ஏற்றிவிட்டால் போதும், விளம்பரத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினேன். அவருக்கு வேறு சோலியே இல்லை பாருங்கள்!

போன வருடம், நான் வரவேற்பறையில் வேலை பார்த்த கொடைக்கானல் விடுதி கைமாறியது. புது முதலாளிக்கு இளமையான முகம் வேண்டுமாம். சீசனுக்குள் வழி பிறக்காவிட்டால் திண்டுக்கல்லுக்கு இறங்கி, தன் தம்பியின் கடையில் சேர்ந்துவிடலாம் என்றாள் என் மனைவி எஸ்தர். பிறந்த ஊரை விட்டுவிட்டு மச்சினனிடம் பொட்டலம் கட்டுவதா? நினைத்தாலே வியர்த்தது. மார்கழிக் குளிரில் கொடைக்கானலில் வியர்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

விடுதிக்கு வந்தவர்கள் என்னிடம் ஓயாமல் கேட்டது ஒன்றுதான்: "பனி மூடிருச்சே, இப்ப எங்க போறது?" அதற்குப் பதிலாக, போனிலேயே வாங்கிப் படிக்கிற மாதிரி ஒரு மின்வழிகாட்டி எழுதினேன். மலை, ஏரி எதுவும் கண்ணுக்குத் தெரியாத நாளில் கொடைக்கானலில் என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம்.

பிறகு விற்கக் கிளம்பினேன். விடியற்கால ஜெபக் குழு, பாடகர் குழு, வாலிபர் குழு என்று கைக்குக் கிடைத்த வாட்ஸ்அப் குழுவிலெல்லாம் போட்டேன். 'ஆமென்' வந்தது. அதன் கீழே இன்னொரு 'ஆமென்'. ஒரு அம்மா, 'தேவன் ஆறுதல் தருவாராக' என்று போட்டார். திறந்து பார்த்தவர் ஒருவருமில்லை.

"ஏங்க, இவங்கல்லாம் இங்கனயே பொறந்து இங்கனயே கெடக்குறவங்க. இவங்களுக்கு எதுக்குங்க கொடைக்கானலச் சுத்திக் காட்டுறீங்க?" என்றாள் எஸ்தர்.

சரி, வெளியூர்க்காரர்களுக்கு வீடியோ போடுவோம் என்று பனிக்குள் நின்று எடுத்தேன். திரை முழுக்க வெள்ளை, நடுவே என் குரல். மச்சினன் போன் செய்து, "மாமா, போனு ரிப்பேரா?" என்றான்.

அறுப்பின் பண்டிகை வந்தது. காணிக்கையாக வரும் காய்கறியை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் விடுவது எங்கள் சபை வழக்கம். வெளியூர் ஆட்களும் கூடுவார்கள். உடனே எனக்கு மூளை வேலை செய்தது. ஸ்கேன் செய்யும் கட்டத்தோடு ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தேன். முகம் இல்லாத ஃப்ளெக்ஸைக் கடைக்காரர் பார்த்ததே இல்லையாம். என் படத்தையும் போட்டுவிட்டார். அதைப் பெரிய பூசணிக்காய்க்கு வேட்டி மாதிரி கட்டினேன்.

அன்று காலை முழங்காலில் நின்றபோது விளையாட்டெல்லாம் போய்விட்டது. அழுதேன். "ஆண்டவரே, முன்பின் தெரியாத ஒருத்தராவது வாங்கட்டும். என்னை மச்சினன் கையில் ஒப்புக்கொடாதேயும்."

ஏலம் விட்ட தங்கராஜ் அண்ணன் காயைத் தூக்கியதும் கத்தினார்: "ஏலே, பூசணிக்கு மீசை மொளச்சிருக்கு! யாரு கேக்குறா?" வாசலே சிரித்தது. ஒருவரும் ஸ்கேன் செய்யவில்லை. சுற்றுலா வேன் ஓட்டும் செல்வம் சாம்பாருக்கென்று காயை வேட்டியோடு ஏலத்தில் எடுத்துப் போனார். நான் வீட்டுக்கு வந்து பெட்டியைத் தூசி தட்டினேன்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "சார், வேன்ல வந்தப்போ ஒரே பனி. வெளிய ஒண்ணும் தெரியல. எதிர்ல உங்க மூஞ்சி மட்டும்தான் தெரிஞ்சது. ஸ்கேன் பண்ணி வாங்கிட்டோம். நீங்க சொன்ன இடத்துக்கெல்லாம் போனோம், பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சது!"

அதன் பிறகு வேறு ஊர்க்காரர்களும் வாங்கினார்கள். மற்ற வேன்காரர்களும் ஃப்ளெக்ஸ் கேட்டு வந்தார்கள். சீசன் வந்தது, போனது. நாங்கள் மலையை விட்டு இறங்கவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இப்போதெல்லாம் அவருக்கு நான் யோசனை சொல்வதில்லை, கேட்பதோடு சரி. நீங்களும் கேளுங்கள். எந்த வழியாக வரும் என்று மட்டும் அவருக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள்.

சென்னைக்காரர் கூப்பிட்ட அன்றே செல்வத்தைத் தேடிப்போய்க் கட்டிப்பிடித்து, "கர்த்தர் ஏவித்தான தம்பி வேன்ல மாட்டுனீங்க?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. சீட்டு முதுகு கிழிஞ்சு பஞ்சு வெளிய வந்துருச்சு. அத மறைக்கத்தான் கட்டுனேன்."