தையல்கார அக்காவின் ஸ்கூட்டர் வழக்கு

தையல்கார அக்கா ஆசை ஆசையாய் வாங்கிய ஸ்கூட்டர், அவளுக்கு ஓட்டத் தெரியாததால் இரண்டு வருடமாகக் கடை வாசலிலேயே நின்றது. ஒருநாள் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அதைத் திருடி, ஊரைச் சுற்றி, சுவரில் மோதி மாட்டிக்கொண்டாள். சிறார் நீதிமன்றமோ தண்டனை தராமல், இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசச் சொன்னது.

அந்தப் பெண் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள்.

"உங்களுக்கு என்ன ஈடு வேணும்மா?" என்றார் நடுவில் உட்கார்ந்திருந்த நீதிமன்ற அதிகாரி.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா ஓட்டுவியாடி?"

"சுவர் வர்ற வரைக்கும் நல்லாத்தான் ஓட்டினேன்க்கா."

"அப்போ உடைஞ்ச விளக்கை மாத்திட்டு, எனக்கும் கத்துக் குடு!"

அதிகாரிக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

சனிக்கிழமைதோறும் பாடம் நடந்தது. ஆறாவது சனிக்கிழமை அக்கா ஸ்கூட்டரில் தனியாகப் பறந்தாள். மூச்சிரைக்கப் பின்னால் ஓடிய பெண், "பிரேக்கைப் புடிங்கக்கா!" என்று கத்தினாள்.

"போடி, இப்பத்தான் ஜோரா போகுது!"