நாத்தனார் போட வேண்டிய ஓரம்

டவுனில் அவளுக்குச் சுவர்க்காரி என்று பேர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தண்ணீர்த் தொட்டி, எங்கே வெள்ளையடித்த இடம் கண்டாலும் மானும் மரமும் முளைத்துவிடும். காட்டுக் குடியிருப்பிலிருந்து பிழைக்க வந்தவள். வரைவதில் அவளுக்கு ஜோடி, குடியிருப்பிலேயே வேறு வீட்டில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார். சுவர் வேலை வந்தால் டவுனுக்கு வந்துபோவாள்.

ஜோடி இல்லாமல் முடியாது. அந்த ஜனத்தில் படத்தைத் தொடங்கிய கை அதை முடிக்கக் கூடாது. சுற்றி ஓடும் ஓரக்கோட்டை இன்னொரு வீட்டு ஆள்தான் போட வேண்டும். இரண்டு வீடு ஒத்துக்கொண்டால்தான் அது படம். ஒரே கை முடித்தால் அது தனிப்பேச்சு, நாய்கூட மதிக்காது. நாமெல்லாம் மைக் பிடித்துத் தொண்டை கிழியக் கத்திய ஒற்றுமையை அவர்கள் சத்தமில்லாமல் சுவரில் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

நோய் வந்து ஊரைப் பூட்டியது. சுவர் வேலை நின்றது. பழங்குடி ஓவியர் சங்கம் ஒரு டேப்லெட் கொடுத்து, வாடகை அறையிலிருந்தே வாராவாரம் நேரலையில் வரையச் சொன்னது. ஓரமில்லாமல் வரையப் பழகிக்கொண்டாள். கைத்தட்டலுக்குப் பதில் திரையில் இதயம் பறந்தது. அதுவும் பிடித்துப்போனது.

பிறகு ஒரு பெரிய வேலை வந்தது. குடியிருப்பில் யாரும் தடுப்பூசிக்குக் கை நீட்டவில்லை. டவுன்காரன் பேச்சை எவன் நம்புவான்? இரண்டு வீடு சேர்ந்து போட்ட படம் சொன்னால் நம்புவார்கள். சுவர்க்காரி நேரலையில் வரைவாள். சிக்னல் கிடைக்கிற பாறையில் நின்று, குடியிருப்பு நர்ஸம்மாவின் போனில் நாத்தனார் அதே படத்துக்கு விரலால் ஓரம் போடுவாள். முடிந்த படத்தை நர்ஸம்மா வீடு வீடாகக் காட்டுவாள். இதுதான் ஏற்பாடு.

அன்றைக்கு மரமும் அதன் கீழ் ஊசிக்குக் கை நீட்டும் ஜனமும் வரைந்து முடித்தாள். நாத்தனாரைக் காணோம்.

"அக்கா, எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? ஆளுங்க ஒவ்வொருத்தரா வெளிய போறாங்க," என்றான் நேரலையை நடத்திய சங்கத்து ஒருங்கிணைப்பாளன்.

"சிக்னல் இருக்காது தம்பி. வந்துருவா."

"ஓரம் எப்படி இருக்கும்னு தெரியும்ல? நீங்களே போட்டுக் காட்டுங்க."

திரையில் படம் மட்டும்தான் தெரியும். யார் கை என்று யாருக்குத் தெரியப்போகிறது? நாத்தனாரின் கோடு வளைவுகளில் கொஞ்சம் தயங்கி நிற்கும். அந்தத் தயக்கத்தையும் சேர்த்தே போட்டாள்.

"நாத்தனாரும் கை சேர்த்துட்டாங்க!" என்று அவன் கூவினான். இதயங்கள் பறந்தன. சுவர்க்காரி மறுக்கவில்லை. வாயில் கொழுக்கட்டையா என்று கேட்டால், ஆமாம், கொழுக்கட்டைதான்.

மறுநாள் நாத்தனார் கூப்பிட்டாள்.

"அண்ணி, நேத்து நான் உள்ளதான் இருந்தேன்."

"எங்க?"

"உன் நேரலைலதான். போன்ல நர்ஸம்மாவோட சொந்தப் பேர்தான் இருந்துச்சு, அதான் நான்னு உங்களுக்குத் தெரியல. கோடு போடவும் நீங்கதான் திறந்து விடணுமாம். எல்லார் வாயையும் அடைச்சு வெச்சிருந்தீங்களே, அண்ணி அண்ணின்னு கத்தினேன், ஒருத்தருக்கும் கேக்கல. கோடு நல்லா இருந்துச்சு. என் கை மாதிரியே."

திட்டியிருந்தால் தேவலை.

"நாளைக்கு ஊசி போட வராங்க. ஓரம் உன் கையான்னு எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?"

ஆமான்னு சொல்லு. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்ல காரியம்தானே? நாலு உயிர் பிழைக்குமே? நல்ல காரியம் என்று சொல்லித்தான் எல்லாப் பித்தலாட்டமும் நடக்கிறது. ஏற்கெனவே கையைத் திருடியாயிற்று. இப்போது வாயையும் கேட்பதா?

"நீ ஒண்ணும் சொல்லாதம்மா. நாளைக்குப் போனைத் தூக்கிப் பிடி. நானே சொல்றேன்."

மறுநாள் பாறையடியில் ஜனம் கூடியது. நாத்தனார் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஓரமும் நான்தான் போட்டேன். இவ போடல. இவள மாதிரி போட்டு ஏமாத்தினேன். ஊசி நல்லதுதான். நானே போட்டுக்கிட்டேன். படம்தான் பொய்."

கூட்டத்தில் மூத்தவர், சுவர்க்காரியின் பெரிய மாமனார், தொண்டையைச் செருமினார்.

"டவுனுக்குப் போனா ஆளுக்கு நாலு கை முளைக்கும் போலிருக்கே!"

சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்கள் ஊசி போட்டுக்கொள்ளாமலே மேட்டில் ஏறி வீட்டைப் பார்த்து நடந்தார்கள். பெரிய மாமனாரும் போனார், நெஞ்சில் சளி கட்டிய மனுஷன். போனில் முதுகுகள்தான் தெரிந்தன. கடைசியில் நின்றது ஆறேழு பேர்.

சுவர்க்காரியின் விரல் அணைக்கும் பொத்தானுக்குப் போனது.

"அணைக்காத அண்ணி," என்றாள் நாத்தனார். "போறவங்களப் பாரு."

அவள் பார்த்தாள். நாத்தனார் போனை நர்ஸம்மாவின் மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு, ரவிக்கைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்றாள். அவள் பின்னால் வந்து நின்றவர்களில் ஒருவர்கூடப் போன் பக்கம் திரும்பவில்லை.