வெறுங்குரலில் ஒரு திருப்பாடல்

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவின் ஸ்காபரோவில் ஓர் ஆங்கிலக் கத்தோலிக்கப் பங்கின் கோவிலை ஞாயிறு பின்னேரங்களில் இரவல் வாங்கித்தான் எங்கள் தமிழ்ப் பூசை நடந்தது. வாசகத்துக்குப் பிறகு வரும் திருப்பாடலை என் மகள் பாடுவாள். ஒவ்வோர் அடிக்கும் சனம் பல்லவியால் பதில் சொல்லும். எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். ஆனால் பக்கத்து நகரான மார்க்கத்திலிருந்து வரும் பாடகர் குழு அன்ரி அவளைத் தன் பிள்ளையாகவே ஆக்கிக்கொண்டார். சனிக்கிழமைகளில் காரில் ஏற்றிப்போவார். திரும்பி வருபவளின் வாயில் "அன்ரி சொன்னவ" என்பதைத் தவிர வேறு பேச்சு இராது. இந்த நாட்டில் பிள்ளைகள் கைநழுவிப் போவது இப்படித்தான் என்று எனக்கு வயிறு எரிந்தது.

அந்தத் தவக்காலத்தில் பாதர் ஆதிக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டைப் பற்றிப் பேசினார். யாழும் குழலும் களியாட்டு விருந்துகளுக்கும் பிற தெய்வச் சடங்குகளுக்கும் உரியவை என்று அக்காலப் பெரியவர்கள் பலர் தள்ளி வைத்தார்களாம். எல்லாரும் ஒரே வாயாகப் பாடும் மனிதக் குரலே போதும் என்றார்களாம். இராகத்தின் இனிமையில் சொல்லின் பொருள் கரைந்துவிடுமோ என்றும் சிலர் பயந்தார்களாம். பாதிப்பேர் தூங்கி வழிந்த அந்தக் கூட்டத்தில் நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன். அன்ரியின் பெருமையெல்லாம் பாட்டுக்கு அவர் வாசிக்கும் கீபோட்டில்தான் இருந்தது.

அடுத்த ஒத்திகையில் எழுந்து பாதர் பேசிய எல்லாவற்றையும் சொன்னேன். அன்ரி கோபிப்பார் என்று காத்திருந்தேன்.

"நல்ல விசயம்தானே அக்கா," என்றார். "இந்தக் கிழமை கீபோட் வேண்டாம். பிள்ளை தனியப் பாடட்டும்."

ஞாயிறன்று மகள் வெறுங்குரலில் தொடங்கினாள். இரண்டாம் அடியில் சுருதி சற்று இறங்கியது. அவள் கண் சனத்துக்குள் தேடியது. முன்வரிசையில் இருந்த என்னைத் தாண்டிப் போய், ஓரமாக நின்ற அன்ரியிடம் நின்றது. அவர் கையை இலேசாக உயர்த்தினார், குரல் ஏறியது. கோவில் முழுவதும் ஒரே குரலில் பல்லவியைத் திருப்பிப் பாடியது. என் வாய் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள்: "அம்மா, எல்லாரும் பாடினவை. நீங்க மட்டும் ஏன் பாடேல்லை? நான் பாத்தனான், ஐ சோ யூ."

தொண்டை நோகிறது என்றேன். அது அன்ரியின் காதிலும் விழுந்தது. நோவோடு பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்று காரின் பின்கதவைத் திறந்து பிடித்தார். மகள் வழமைபோல முன் சீட்டில் ஏறினாள். அடுத்த ஞாயிற்றுக்கான பாட்டை இருவரும் பாடிக்கொண்டே வந்தார்கள். தொண்டை நோவென்று சொல்லிவிட்டதால், மகளின் பின்னலைப் பார்த்தபடி வீடு வரும்வரை பேசாமல் இருந்தேன்.