இரண்டு வளையம் குறைந்த சங்கிலி

என் மனைவிக்கு ரயில் ஓட்டத் தெரியாது. ஒரு பெட்டியை இன்னொரு பெட்டியோடு சேர்த்து மாட்டத் தெரியும். பதினாறு வருடமாக அதுதான் அவள் வேலை. சரக்கு யார்டில் அவளுக்குப் பெயர் 'கொக்கியக்கா'. வருகைப் பதிவேட்டில் இருக்கிற பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார்கள். நான் தையல்காரன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவளுக்கு எங்கே இருக்கிறதென்று கல்யாணமான நாளிலிருந்து தேடுகிறேன், இன்னும் அகப்படவில்லை.

இரண்டு பெட்டிகள் மெதுவாக வந்து முட்டும்போது இரண்டின் இரும்புக் கொக்கிகளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். உள்ளே ஒரு பூட்டுத் துண்டு தன் கனத்திலேயே கீழே விழும். அது விழுந்தால்தான் பிடிப்பு. கழற்ற வேண்டுமென்றால் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கைப்பிடியைத் தூக்க வேண்டும்; அதிலிருந்து போகிற சங்கிலி பூட்டை மேலே இழுக்கும். மாட்டி முடித்ததும் இவள் குனிந்து பூட்டைப் பார்த்து, கம்பியால் இரண்டு தட்டு தட்டி, "விழுந்தாச்சு!" என்று கத்துவாள். அந்தக் குரல் கேட்காமல் டிரைவர் எஞ்சினை அசைக்கமாட்டார்.

அப்படிக் கத்திய ஒரு காலை நேரத்தில்தான் அது நடந்தது. யார்டுக்குள் மேடான வளைவில் ஏறிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து கடைசி இரண்டு பெட்டிகள் தானாகக் கழன்றன. யார்டுக்குள் பிரேக் குழாய் மாட்டாமல்தான் பெட்டிகளை இழுப்பது வழக்கம். அதனால் பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, வேலியை உடைத்துக்கொண்டு நின்றன. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. சிமென்ட் மூட்டைகள்தான் சிதறின.

மத்தியானத்துக்குள் இவள் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 'பணியாளரின் கவனக்குறைவு.' எட்டு நாளில் விசாரணை. அதில் தப்பு நிரூபணமானால் வேலை போய்விடும். பழுது பார்க்கும் ஷெட்டின் ஃபிட்டர் டீக்கடையில் வைத்துச் சொன்னானாம்: "பொம்பளை குனிஞ்சு பாத்துச்சோ, பாக்காமலே கத்துச்சோ, யாரு கண்டா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கையிலிருந்த கத்தரிக்கோலோடு கிளம்பிவிட்டேன்.

"என்னங்க, அதை வெச்சிட்டாவது போங்க" என்றாள்.

வைத்தேன். வைத்த கையோடு கோபமும் பாதி இறங்கிவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரே கேள்வியைச் சுவரிடமும் கேட்டாள், அடுப்பிடமும் கேட்டாள், என்னிடமும் கேட்டாள். "கழன்ட பெட்டியைப் போய்ப் பாத்தேங்க. கைப்பிடி கீழதான் கெடந்துச்சு. யாரும் தொடல. அப்புறம் பூட்டு மட்டும் எப்படி மேல போகும்?"

"எனக்கென்னம்மா தெரியும்? நான் பட்டன் வெக்கிறவன்."

நாலாம் நாள் காலையில், தைத்துக்கொண்டிருந்தவனை எழுப்பி அறை நடுவில் நிறுத்தினாள். என் அளவு டேப்பின் ஒரு நுனியை என் சட்டையின் இடப்பக்க இடுப்பில் ஊசியால் குத்தினாள். இன்னொரு நுனியை என் வலது கைச் சுட்டுவிரலில் கட்டினாள்.

"நீங்கதான் பெட்டி. நீட்டின கைதான் கொக்கி. இடுப்புல இருக்கிறது கைப்பிடி. டேப்புதான் சங்கிலி. நடங்க."

"அக்கம்பக்கத்துல பாத்தா என்ன நெனப்பாங்க?"

"பெட்டி பேசக் கூடாது."

நடந்தேன். டேப் தொளதொளவென்று தொங்கியது. "இப்ப வளைவு. கையை வலப்பக்கம் திருப்புங்க" என்றாள். திருப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. டேப்பை ஒரு சாண் குறைத்துக் கட்டி மறுபடி நடக்கவிட்டாள். நேராகப் போகும்போது ஒன்றுமில்லை. கையைத் திருப்பியதும் டேப் விறைத்து, விரலைச் சுண்டி இழுத்தது.

"அய்யோ, சங்கிலி குட்டைங்க!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "முன்னெல்லாம் சங்கிலி தொங்கித் தொங்கி ஜல்லிக்கல்லுல மாட்டும். இந்த ஆறு மாசமா மாட்டறதே இல்ல. நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன் பாருங்க, பாவி!"

கழன்ற பெட்டியின் சங்கிலியை மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். இரண்டு வளையம் குறைவு; ஷெட்டில்தான் எடுத்திருக்கிறார்கள். வளைவில் கொக்கி ஒதுங்கும்போது சங்கிலி விறைத்துப் பூட்டைத் தூக்கிவிடுகிறது. அந்த வேலையைச் செய்பவன் ஒரே ஆள்தான், அந்த ஃபிட்டர். எனக்கு மறுபடி கத்தரிக்கோல் ஞாபகம் வந்தது.

அவளோ அட்டையைக் கேட்டாள். சட்டை அளவுக்கு வெட்டி வைத்திருந்த அட்டையில் சாக்கட்டியால் ஏதோ வரைந்தாள். பூட்டின் தலைக்கு மேல் வந்து கவிழ்கிற ஒரு நாக்கு. கையால் தூக்கினால் மட்டும் எழும்பும். குலுக்கினாலும் இழுத்தாலும் பூட்டை மேலே விடாது.

"வளையத்தைத் திரும்பச் சேத்தாப் போதாதா?" என்றேன்.

"நாளைக்கு வேற ஒருத்தரு வேற ஒண்ணை நல்லதுன்னு நெனச்சுப் பண்ணுவாரு. என்ன பண்ணினாலும் பூட்டு தானா எழும்பக் கூடாதுங்க."

அட்டையை ஏழு தடவை வெட்டினேன். எட்டாவதுதான் அவளுக்குப் பிடித்தது. வெல்டிங் கடையில் அதை இரும்பில் அடித்து வாங்கினோம்.

விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட, நிதானமான மனுஷர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சொல்றது சரியாத்தான் இருக்கு. கண்ணால பாக்கணுமே" என்றார். அதே பெட்டிகள், அதே வளைவு, அதே சங்கிலி. கழன்றால் பிடித்து நிறுத்தத் தண்டவாளத்தில் கட்டைகள் போட்டார்கள். யார்டே வந்து கூடிவிட்டது. என்னையும் வேலி ஓரமாக நிற்கவிட்டார்கள்.

முதல் தடவை கழலவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதும் இல்லை. கூட்டத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பெட்டி கழலவே கூடாதென்று பதினாறு வருடம் பாடுபட்டவள், கழன்றுவிட வேண்டுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதை அன்றுதான் பார்த்தேன். நானும் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன்.

நாலாம் தடவை, வளைவின் நடுவில், 'டக்' என்று ஒரு சத்தம். பெட்டி பிரிந்து உருண்டு வந்து கட்டையில் முட்டி நின்றது. கைப்பிடி அசையவே இல்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு அந்த இரும்பு நாக்கை மாட்டினாள். சங்கிலியை வேண்டுமென்றே குட்டையாகவே விட்டார்கள். பன்னிரண்டு தடவை ஓட்டினார்கள். சங்கிலி விறைத்து நின்றதே தவிர, பூட்டு இம்மியும் நகரவில்லை. டிரைவர் எஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்து, "அடேயப்பா!" என்றார்.

அதிகாரி மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்டார்: "சங்கிலியைக் குறைச்சது யாரும்மா? காரணம்னு எழுதினா அதுக்குக் கீழ ஒரு பேரும் எழுதணும்."

நான் வாயைத் திறந்துவிட்டேன். இவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

"எட்டு நாளு என் வீட்டுல சாப்பாடு எறங்கல சார்" என்றாள். "இன்னொரு வீட்டுலயும் அப்படி ஆக வேணாம். சங்கிலி குட்டைன்னு எழுதுங்க. அது போதும்."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஃபிட்டர் முன்னால் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நான்தான் சார். கல்லுல மாட்டி அறுந்துடுதேன்னு எடுத்தேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் எடுத்தேன்."

அதிகாரி வெகு நேரம் எழுதினார். எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். பணியாளர் மேல் தவறில்லை; சங்கிலியின் நீளத்துக்கு எழுதி வைத்த அளவே இல்லாததுதான் காரணம்; யார்டில் இருக்கும் எல்லாப் பெட்டிகளிலும் சங்கிலியைச் சரிசெய்து, பூட்டுக்கு மேல் நாக்கு பொருத்த வேண்டும். பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகும் ஃபிட்டர் போகவில்லை. "அக்கா, நான் வேற உங்களைப் பத்தி டீக்கடையில அப்படிப் பேசிட்டேன்..." என்று இழுத்தான். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

இவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"பேசினது கெடக்கட்டும். இருநூத்திப் பத்து பெட்டி இருக்கு தம்பி. நீ சங்கிலியைப் புடி, நான் நாக்கை மாட்டுறேன்."