துள்ளாத எழுத்து

அம்மாவின் குடும்ப பென்ஷனுக்காக அல்வால் வீட்டில் பழைய ஃபைல்களைப் பிரித்துப் போட்டிருந்தோம். அப்பா போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் நான் நீட்டிய தாள்களைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டாகப் பிரித்தாள்.

"இது உங்கப்பா. இது ஆபீசு. இதுவும் ஆபீசு. இது உங்கப்பா."

"எப்படிம்மா சொல்ற?"

"இந்த எழுத்துக்கு எப்பவும் கண்ணு அடைச்சிருக்கும். இது வரியில நிக்காது, துள்ளும். உங்கப்பா மிஷின் இல்லாம வேற எது?"

உற்றுப் பார்த்தேன். இங்கிலீஷ் 'இ'யின் வயிறு மையால் அடைபட்டுக் கறுப்புப் புள்ளியாக இருந்தது. 'ஆர்' வரியைவிடச் சற்று மேலே ஏறி நின்றது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க்காக இருந்த அப்பா, காலனிக்காரர்களின் மனுக்களை வீட்டிலேயே அடித்துக் கொடுப்பார். அந்த டைப்ரைட்டர் பரண்மேல் கிடந்தது. சட்டென்று தோன்றியது: வருஷத் திதிக் கடிதத்தை அதிலேயே அடித்து உறவுக்காரர்களுக்கு அனுப்பினால் என்ன?

"இங்கிலீஷ்ல இருந்தா என்ன, பிள்ளைங்க படிச்சுச் சொல்லட்டும்" என்றாள் அம்மா. அன்று மதியம் மறுசோறு போட்டுக்கொண்டாள்.

எனக்கு எதையும் பொறுமையாகப் பார்க்கத் தெரியாது. ரிப்பேர் வீடியோக்களை இரட்டை வேகத்தில் ஓடவிட்டேன். வாரமெல்லாம் நான் தங்கும் குகட்பள்ளி அறையிலிருந்து சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் டைப்ரைட்டரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ரப்பர் துகள், பொடி தூசி, ஒரு நரைமுடி. முடியை மட்டும் எடுத்து ஒரு கவரில் வைத்தேன். பிறகு எழுத்துக் கம்பிகள் சேருமிடத்தில் தையல் மிஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டேன். அங்கே எண்ணெய் விடவே கூடாதாம். ஒரு வீடியோவில் அதைச் சொன்ன இடத்தைத்தான் ஓட்டிவிட்டிருக்கிறேன். தூசியும் எண்ணெயும் பிசினாகி, அடித்த கம்பிகளெல்லாம் பாதி வழியில் நின்றன.

தங்கை பட்டான்செருவில் மருந்து கம்பெனி ஷிஃப்ட் முடித்து வந்து எட்டிப் பார்த்தாள். இந்த ஊர் உருது அவள் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"கைக்குண்ணா, எதுக்கு இப்படித் தேய்க்கிற? ஈயம் பூசப் போறியா?"

"சிரிக்காதடி. ஒட்டிக்கிச்சு."

"ஹவ், ஆமா, ஒட்டத்தான் செய்யும். ஸ்பிரிட் வாங்கு. எங்க லேப்ல எல்லாத்துக்கும் அதான்."

ஸ்பிரிட் வேலை செய்தது. அந்த உற்சாகத்தில் பல் தேய்க்கும் பிரஷ், குண்டூசி என்று ஒவ்வோர் எழுத்தாகச் சுரண்டினேன். 'ஆர்' கம்பி லேசாக வளைந்திருந்தது. கட்டிங் பிளேயரால் ஒரே அழுத்து, நேராகிவிட்டது. புது ரிப்பன் போட்டு அப்பாவின் முழுப்பெயரை அடித்தேன். அதில் மூன்று 'ஆர்' உண்டு. அச்சுப் போல விழுந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு தாளை எட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லா இருக்குடா. எந்தக் கடையில அடிச்ச?"

"அம்மா, இது அப்பா மிஷின்."

வரியின்மேல் விரலை வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மெதுவாக நகர்த்தினாள். மறுபடியும் முதலிலிருந்து நகர்த்தினாள். விரல் எங்கும் நிற்கவில்லை.

"சரி. அனுப்பிடு" என்று தாளைத் திருப்பித் தந்தாள். ரசத்துக்குத் தாளித்தது கருகிப்போயிருந்தது.

'இ'யின் வயிற்றில் மை சேர எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ. எனக்குக் குண்டூசியும் பத்து நிமிஷமும் போதுமாக இருந்தன. அதை இனி நான் எதைக் கொண்டு அடைப்பது? ஆனால் 'ஆர்' கம்பியை மட்டும் பழைய வளைவுக்குக் கொண்டுவரலாம் என்று நினைக்கிறேன்.

"நக்கோண்ணா, வேணாம், முறிஞ்சா அதுவும் போயிடும்" என்கிறாள் தங்கை. அவள் சொல்வதும் சரிதான்.

திதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அந்த வீடியோவை இந்த முறை முழுதாக, அதன் வேகத்திலேயே பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பிளேயர் வாயில் துணி சுற்றி, அப்பா பெயரில் இல்லாத 'இசட்' கம்பியை முதலில் வளைத்துப் பார்க்கப்போகிறேன். அது முறியாவிட்டால், அடுத்தது 'ஆர்'.