பன்னிரண்டு சாமிகளும் ஒரு புலிச் சட்டையும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழு வருடம் தள்ளிப்போட்டுவிட்டேன். ஒவ்வொரு கார்த்திகையிலும் மாலை போடும்போது இந்த வருடம் எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் மறந்துபோனவன் மாதிரி இருந்துவிடுவேன். எழுதத் தெரியாது என்பது ஒரு காரணம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம், மலாய்ப் பள்ளியில் மூன்று வருடம், அவ்வளவுதான் என் படிப்பு. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் செடெனாக்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஆனால் உண்மையான காரணம் வெட்கம். அது கீழே வரும்.

நாங்கள் பன்னிரண்டு பேர் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள். நாற்பத்தொரு நாள் கறுப்புத் துணி உடுத்துவோம். சவரம் கிடையாது, செருப்பு கிடையாது, கவுச்சி கிடையாது, பொய் கிடையாது. அந்த நாட்களில் கண்ணில் படுகிறவர்கள் எல்லாம் சாமிதான். பெண்டாட்டியும் சாமி, ஃபேக்டரி மேனேஜரும் சாமி, தெருநாயைக்கூட "தள்ளிப் போ சாமி" என்றுதான் விரட்டுவோம். எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர் குருசாமி. ரிட்டையரான பஸ் டிரைவர். கோழி குறுக்கே வந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு, அது போன பிறகு கண்ணாடியில் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

அந்த வருடம் அவருக்குப் பதினெட்டாவது மலை. பதினெட்டாவது முறை போகிறவர் அங்கே ஒரு தென்னங்கன்று நடுவது வழக்கம். அவர் அதை நட வேண்டும், நாங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எங்களுக்கு அந்த வருடம் வேறு ஆசையே இல்லை.

அதற்காக எல்லோருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட் அடிக்கலாம் என்று சொன்னது நான். யோங் பெங்கில் ஒரு கடைக்குப் போனேன். கறுப்புத் துணி, விரதத்துக்குப் பொருத்தம். முன்பக்கம் ஐயப்பனின் வாகனமான புலி. பின்பக்கம் பெரிதாக 18, பதினெட்டுப் படிக்கும் குருசாமியின் பதினெட்டு வருடத்துக்கும் சேர்த்து. கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு புலி முகத்தைக் காட்டினார். வாயைப் பிளந்து, பல்லெல்லாம் தெரிய நின்றது.

"இது ரெடியா இருக்கு. இந்தப் புலி, இந்த நம்பர், நிறைய பேர் எடுத்திருக்காங்க லா," என்றார்.

இத்தனை ஐயப்ப பக்தர்களா ஜொகூரில் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சட்டை வந்த வாரமே அன்னதானத்துக்கு அரிசி வாங்கப் போனோம். டவுனில் ஒரு சீனருடைய மளிகைக் கடை. முதலாளியான அந்தத் தவுக்கேயை எங்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. வேனிலிருந்து பன்னிரண்டு பேரும் இறங்கினோம். தாடி, வெறுங்கால், கறுப்புச் சட்டை, பன்னிரண்டு புலி. கடைக்குள் இருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு வெளியே போனார்கள். நாங்கள் வழிவிட்டோம்.

குருசாமி மலாயில் பணிவாகத்தான் கேட்டார். "தவுக்கே, எங்க ஆளுங்களுக்கு அரிசி வேணும்."

"எத்தனை மூட்டை வேணும்னாலும் எடுத்துக்கோங்க. விலை வேணாம். எனக்குப் பிரச்சினை வேணாம்."

அவர் பின்னாலேயே நகர்ந்து வெங்காய மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். விலை கொடுக்கிறோம் என்று குருசாமி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அந்த வருடம் புதிதாக மாலை போட்ட எங்கள் கன்னிச்சாமி, ஐம்பது வயது வெல்டர், என் காதில், "பாத்தீங்களா சாமி, ஐயப்பன் அவர் மனசுக்குள்ள பூந்துட்டாரு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. குருசாமி விபூதிப் பையை எடுத்து, தவுக்கேயின் நெற்றியில் கட்டைவிரலால் பூசினார். தவுக்கே கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். பக்தி என்று நினைத்தோம்.

"அடுத்த சனிக்கிழமையும் வர்றோம் தவுக்கே," என்றார் குருசாமி. தன் சட்டைப் புலியைத் தொட்டுக் காட்டி, "உங்களையும் உங்க குடும்பத்தையும் இவர் பாத்துக்குவாரு."



அடுத்த சனிக்கிழமை காலை பூஜை முடிந்து, குருசாமி வீட்டுக் கொட்டகையில் கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போலீஸ் வண்டி வந்து நின்றது. ஒரு மலாய் இன்ஸ்பெக்டர், வெளி மாநிலத்திலிருந்து புதிதாக வந்தவர். கூட ஒரு தமிழ் சார்ஜன்.

"இங்க யாரு தலை?" என்று சார்ஜன் கேட்டார்.

பதினொரு கை குருசாமியைக் காட்டியது. மரியாதையாக இடது கையை முழங்கையில் வைத்துக்கொண்டு காட்டினோம்.

"இவருதான் சாமி. இவரு சொல்லாம நாங்க எதுவும் செய்ய மாட்டோம்."

"எவ்ளோ நாளா இவரு தலை?"

"பதினெட்டு வருஷம்!" என்று கோரஸாகச் சொன்னோம்.

சார்ஜன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "புதுசா சேர்றவங்க என்ன செய்யணும்?"

கன்னிச்சாமி முன்னால் வந்தார். "இவரு கையால மாலை போடுவாரு சாமி. போட்டா போட்டதுதான். வீட்டுல சாவு விழுந்தாதான் நடுவுல கழட்டலாம்."

"ஐயா, கொஞ்சம் வாயை மூடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார் சார்ஜன். பிறகு இன்ஸ்பெக்டரிடம் மலாயில், "டுவான், இவங்க கோயில் ஆளுங்க. எனக்குத் தெரியும். என் மச்சான்கூட இப்படி மாலை போடுவான்," என்றார். இன்ஸ்பெக்டர் எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே சுற்றி நடந்தார். அந்தப் புலியும் அந்த எண்ணும் வேறு ஒரு குண்டர் கூட்டத்தின் அடையாளமாம். மளிகைக் கடைத் தவுக்கே ரிப்போர்ட் கொடுத்திருக்கிறாராம். கும்பல்களுக்கான சட்டத்தில் சொல்லியிருப்பதோடு எங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்காமல் விட முடியாதாம். சார்ஜன் எங்கள் பெயர்களைக் கேட்டார். பழக்கதோஷத்தில் சாமி, சாமி, சாமி என்று சொல்லிக்கொண்டே வந்தோம். ஐந்தாவது சாமியில் புத்தகத்தை மூடிவிட்டு அடையாள அட்டையைக் கேட்டார்.

அப்புறம் இன்ஸ்பெக்டரே கேட்டார். "இந்தச் சட்டையை அடிச்சது யாரு?"

நான் இரண்டாவது வரிசையில் நின்றேன். வாயில் கடலை இருந்தது. அதை மென்று விழுங்கிவிட்டும் பேசவில்லை. பொய் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் உண்மையையும் சொல்லவில்லை.

குருசாமி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவங்க எல்லாம் என் ஆளுங்க டுவான். எதுவா இருந்தாலும் என் பொறுப்பு," என்றார். அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நாங்கள் பதினொரு பேரும் எங்கள் வேனில் பின்னாலேயே பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போனோம். குருசாமியை அறைக்குள் கூட்டிப் போய்விட்டார்கள். நாங்கள் வெளியே பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்தோம். ரிப்போர்ட் கொடுக்க வந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்ததும், "பரவாயில்ல, பர்ஸ் தொலைஞ்சது தொலைஞ்சதாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

என் மகள் ஒரு வக்கீல் ஆபீஸில் கிளார்க். போன் செய்ததும் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் அந்தச் சட்டத்தில் கும்பலைப் பற்றிய பக்கம் இருந்தது.

"அப்பா, கேளுங்க. இந்த மாதிரி கேஸ்ல ஜாமீன் இல்லாம இருபத்தெட்டு நாள் வரைக்கும் வெச்சிருக்கலாமாம்."

எங்கள் விமானம் செவ்வாய்க்கிழமை. குருசாமி இல்லாமல் இருமுடி கட்ட முடியாது. தென்னங்கன்றும் இல்லை.

"என்னதான் எழுதியிருக்கு? படி," என்றேன்.

அவள் மலாயில் படித்துத் தமிழில் சொன்னாள். திட்டமிட்ட குற்றக் கும்பல் என்றால், ஒன்று, இரண்டு பேரோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.

"ரெண்டு பேர் போதுமா?" என்றாள் என் மனைவி. "அப்ப நானும் உங்கப்பாவுமே கும்பலா?"

"சேர்ந்து செயல்படணும்மா."

"அது இல்ல. தப்பிச்சோம்."

அடுத்தது, பொருளாகவோ அதிகாரமாகவோ செல்வாக்காகவோ நேராகவோ சுற்றிவளைத்தோ ஏதாவது ஆதாயம் அடைய வேண்டும். கன்னிச்சாமி யோசித்துப் பார்த்து, "அரிசி வந்துச்சே சாமி," என்றார். செல்வாக்கு? தவுக்கே வெங்காய மூட்டைக்குப் பின்னால் போனது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. எங்களுக்கு வேர்த்துவிட்டது. ஒவ்வொரு வரியும் எங்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அந்தப் பாழாய்ப்போன சட்டைகூட அவ்வளவு கச்சிதமாக இல்லை. கன்னிச்சாமி மெதுவாக, "அப்ப நாம கேங்தானா சாமி? நமக்கே தெரியாம இருந்துட்டோமே," என்றார்.

"கடைசியா ஒண்ணு இருக்கு," என்றாள் மகள். "கடுமையான குற்றம் செய்யுற நோக்கம் இருக்கணும். கடுமையானதுன்னா பத்து வருஷமோ அதுக்கு மேலோ ஜெயில் போற மாதிரி. அது இல்லன்னா இது எதுவும் ஒட்டாது."

அதைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். தைரியம் வந்தது என்று சொல்ல மாட்டேன். அதற்குள் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அறைக்குள் சர்க்கரை நோயாளியான குருசாமி காலையில் தின்ற கடலையோடு உட்கார்ந்திருக்கிறார். கதவைத் தட்டினேன்.

"டுவான், சட்டையை அடிச்சது நான்தான். புலியும் நான், நம்பரும் நான். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

யோங் பெங் கடையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டு, "சரி, உங்க கூட்டம் என்ன குற்றம் செய்யுது?" என்றார். விரதத்தில் பொய் சொல்லக்கூடாது. நான் வாசலைப் பார்த்து, "சாமிங்களா, உள்ள வாங்க, செஞ்ச குற்றத்தையெல்லாம் சொல்லுங்க," என்றேன். "ஐயோ கடவுளே" என்றார் சார்ஜன்.

வரிசையாக வந்து சொன்னார்கள். ஒருவர் ஃபேக்டரி ஸ்பேனரை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்து நாள் வைத்திருந்தார். ஒருவர் பல்வலி என்று பொய்க் கடிதம் வாங்கி மெர்சிங்குக்கு மீன் பிடிக்கப் போனார். சிங்கப்பூரில் வேலை செய்யும் சாமி தலையைக் குனிந்துகொண்டு, "அங்க தடைன்னு தெரிஞ்சும் சூயிங்கம் கொண்டு போயிருக்கேன் டுவான். ரெண்டு பாக்கெட்," என்றார்.

"விக்கவா?"

"மெல்லத்தான்."

"அலமாக்," என்றார் இன்ஸ்பெக்டர். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சார்ஜன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் இன்ஸ்பெக்டர், பத்து வருடத்துக்கு இதில் எதுவும் தேறாது, ரிப்போர்ட்டுக்குப் பதில் எழுதிவிடுகிறேன், சட்டைகளை இங்கேயே கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார். நாங்கள் சரணம் சொல்லப் போனோம். ஆனால் குருசாமி எழுந்திருக்கவில்லை.

"டுவான், ஒரு குற்றம் விட்டுப்போச்சு. அந்தத் தவுக்கே பயந்துட்டாரு. நான் அவரு நெத்தியில விபூதி வெச்சேன். நடுங்கிக்கிட்டு நின்னாரு. நான் பாக்கல."

"அது இந்தச் சட்டத்துல வராது ஐயா."

"வராதுன்னு தெரியுது. ஆனா அவரு ஒரு வாரம் பயந்துக்கிட்டு இருந்திருக்காரே."

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார். சட்டைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தோளில் கறுப்புத் துண்டைப் போட்டுக்கொண்டு நேராகக் கடைக்குப் போனோம். இந்த முறை குருசாமி எங்களை வேனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். சார்ஜனும் நல்ல மனதோடு கூட வந்தார். குருசாமி கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அரிசிக்கு உண்டானதைக் கொடுத்தார். தவுக்கே முதலில் சார்ஜனைப் பார்த்தார், பிறகு எங்கள் வெறும் மார்பைப் பார்த்தார், புலி எங்கே என்று தேடுகிறவர் மாதிரி. பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உட்காருங்க, மூஞ்சி வெளுத்துப்போச்சு," என்று சொல்லி அவருக்கு ஒரு சோயா பால் டப்பாவை உடைத்துக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். தென்னங்கன்று நட்டாகிவிட்டது. நடும்போது குருசாமி என்னைக் கூப்பிட்டு, மண்ணைத் தள்ளச் சொன்னார். அந்தக் காலையில் நான் வாய் திறக்காததைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

இப்போது இந்தக் கதை ஊர் ஊராகச் சுற்றுகிறது. மெர்சிங்கில் குருசாமிக்கு விலங்கு மாட்டியதாகச் சொல்கிறார்கள். இன்னொரு ஊரில், நான்தான் முதலிலேயே நெஞ்சை நிமிர்த்தி "நான்தான் அடிச்சேன்" என்று சொன்னேனாம். அந்தச் சட்டத்தில் எத்தனையோ குற்றத்துக்கு அளவு சொல்லியிருக்கிறார்கள். பேச வேண்டிய நேரத்தில் கடலை மென்றவனுக்கு அதில் இடமில்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன். படிக்கிறவர்கள் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள், சிரிக்கச் சிரிக்கச் சொல்லுங்கள். ஆனால் நடந்தது நடந்தபடியே இருக்கட்டும். என்னை நல்லவனாக்குவதற்காக அந்த மூன்று மணி நேரத்தை மட்டும் தயவுசெய்து குறைத்துவிடாதீர்கள்.