அண்ணன் கொடுத்த மாத்திரை

மருந்துக்கடையில் அவருக்கு ஏணி என்று பெயர். மேல்தட்டில் இருக்கும் எந்தப் பெட்டியையும் ஸ்டூல் போடாமலே எட்டி எடுத்துவிடுவார். "ஏணி, அந்த இருமல் சிரப்பை இறக்குப்பா" என்றுதான் முதலாளியே கூப்பிடுவார். இருபத்தாறு வருடமாக அதே கடை. எந்த மருந்து எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. கொஞ்சம் தூசி பட்டால் போதும், நெஞ்சு விசிலடிக்கும். ஒரு டாக்டர் எப்போதோ ஐந்து நாளைக்கென்று எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரைக்கு இரைப்பு சொன்னபடி கேட்டது. அந்த ஐந்து நாள் பன்னிரண்டு வருடமாகிவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில் மருந்தை வைத்துக்கொண்டு டாக்டர் வாசலில் எதற்குக் காத்துக்கிடப்பது என்று இருந்துவிட்டார். தங்கைக்கும் அதே இரைப்பு. அப்பா எழுதிவைத்த சொத்து இது ஒன்றுதான் என்று இருவரும் சிரித்துக்கொள்வார்கள். மாதம் தவறாமல் அவளுக்கும் நான்கு அட்டை கொண்டுபோய்க் கொடுத்துவந்தார்.

ஒருநாள் மதியம் சத்துமாவு டப்பாக்கள் இருந்த பெட்டியைத் தூக்கினார். பெரிய கனம் ஒன்றும் இல்லை. முதுகுக்குள் சடக்கென்று ஏதோ முறிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தவரை இரண்டு பேர் தாங்கித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"எங்கேயாவது விழுந்தீங்களா?" எக்ஸ்ரேயைப் பார்த்தபடி டாக்டரம்மா கேட்டார்.

"இல்லீங்க. ஒரு பெட்டியைத் தூக்கினேன், அவ்வளவுதான்."

"முதுகெலும்புல மூணு இடத்துல நசுங்கியிருக்கு. அதுல ரெண்டு பழசு."

வலி தணிந்தபின் சுவரோடு நிற்கவைத்து உயரம் பார்த்தார்கள். இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. ஒரு வருடமாக மேல்தட்டு எட்டாமல் போனதற்கு வயசாகிவிட்டது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டபோது மென்று விழுங்கித்தான் சொன்னார்.

"இத்தனை வருஷமா? அது எலும்பைக் கரையான் மாதிரி அரிச்சிடுமே. மருந்துக்கடையில இருந்துக்கிட்டு நீங்களே இப்படி…"

"இனிமே தொடவே மாட்டேங்க."

"ஐயோ, சட்டுனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. நான் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். இரைப்புக்கு இன்ஹேலர் தரேன். எலும்புக்குத் தனியா மருந்து இருக்கு. வீட்டுல வேற யாராவது இதைச் சாப்பிடறாங்களா?"

"என் தங்கச்சிங்க. நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

நடக்க முடிந்த அன்றே, இடுப்பில் பெல்ட்டோடு தங்கை வீட்டுக்குப் போனார். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னார். சிவப்புப் பேனாவை மூடிவைத்தாள்.

"நீ குடுத்தேன்னுதானே அண்ணா சாப்பிட்டேன்? இது என்ன மருந்துன்னு ஒருநாளாவது கேட்டிருப்பேனா?"

மறுநாளே அவளை அதே டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனார்.

பரிசோதனையில் அவளுடைய எலும்பு அவருடையதைவிட மோசமாக இருந்தது. மாதவிலக்கு நாற்பத்திரண்டு வயதிலேயே நின்றுபோனதும் ஒரு காரணம் என்றார் டாக்டரம்மா. மாத்திரையைக் குறைக்கும் முறை, சுண்ணாம்புச் சத்து, வெயிலில் நடை என்று எல்லாம் ஆரம்பித்தாள். மூன்றாவது மாதம் பள்ளிக்கூடத்தின் ஈரத் தாழ்வாரத்தில் வழுக்கி, வலது கையை ஊன்றினாள். மணிக்கட்டு இரண்டாக முறிந்தது.

கடையில் அந்த மாத்திரையை யாராவது டாக்டர் சீட்டில்லாமல் கேட்டால் இப்போது அவர் கொடுப்பதில்லை. முதலாளி முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார். கேட்டவர்கள் எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு இவர் கண்முன்னாலேயே போகிறார்கள்.

தங்கை வீட்டுக்குத் தினமும் போனார். அவள் முகம்கொடுத்துப் பேசவில்லை. மாவுக்கட்டுப் போட்ட பத்தாம் நாள், சீப்பை அவர் மடியில் போட்டுவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"பின்னத் தெரியாதே எனக்கு."

"தெரிஞ்ச மட்டும் பின்னு. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."

குனிந்தால் முதுகு சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு சிக்கெடுக்க ஆரம்பித்தார்.